செல் புதிது, மோட்டாரும் சரி, ஆனாலும் ரோபோ நடக்கவில்லை

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜைக்கு வந்திருப்பது என் அண்ணன் மகனுடைய ரோபோ. ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். போன வருடம் சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியில் அவனே கைகாட்டி வாங்கியது. சுவிட்சைப் போட்டால் கண் சிவப்பாக எரியும், நெஞ்சில் விளக்குகள் மின்னும், கையை வீசிக்கொண்டு தடக் தடக் என்று நடக்கும்.

இப்போது பாருங்கள், சுவிட்சைப் போடுகிறேன். கண் எரிகிறது, ஆனால் மங்கல். கால் அசையவே இல்லை. சரி, இடது காலைக் கையால் மெதுவாக முன்னே தள்ளுகிறேன். கேட்டதா? விர்ரென்று ஒரு சத்தம். அரை அடி வைத்தது, நின்றுவிட்டது.

செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இரண்டு தடவை புது செல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் அண்ணி, "மோட்டார் போயிருக்கும், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்" என்றாராம். பையன் விடவில்லை. ஸ்கூல் பையில் புத்தகத்துக்கு நடுவில் வைத்து எடுத்து வந்து, "அத்தை, நீங்க சரி பண்ணிடுவீங்கல்ல?" என்று கேட்டான். பார்க்கிறேன் கண்ணா என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் காலைத் தள்ளியபோது ஓடியது அல்லவா, அதுதான் நமக்குக் கிடைத்த முதல் துப்பு. ஒரு பொம்மையை அசைத்தாலோ சாய்த்தாலோ தட்டினாலோ உயிர் வந்து போனால், பெரும்பாலும் மோட்டாரும், அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும் நன்றாகத்தான் இருக்கும். எங்கே அசைத்தால் மாறுகிறதோ, அங்கே போகும் ஒயரைப் பாருங்கள். இந்த ரோபோவில் செல்கள் காலுக்குள் இருக்கின்றன, ஒவ்வொரு காலிலும் இரண்டு பென்சில் செல். ஆக நாலு ஒயர்கள் இடுப்பு வழியாக மேலே ஏறுகின்றன. கால் முன்னே பின்னே போகும்போதெல்லாம் அந்த நாலும் மடங்கி நிமிரும். ஒரு வருடம் தினமும் நடக்கவிட்டால் எத்தனை ஆயிரம் மடிப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

திறப்போம். செல் மூடிக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ, முதுகுக்கு ஆறு. முதுகு ஸ்க்ரூவில் இரண்டு மட்டும் நீளம் அதிகம். அவற்றை மாற்றிப் போட்டால் பிளாஸ்டிக்கைப் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒரு அட்டையில் ரோபோவின் முதுகை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைக்கிறேன். உள்ளே எதையும் தொடும் முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பாருங்கள், இடது காலிலிருந்து வரும் ஒயர் இரண்டுமே சிவப்பு. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். கழற்றிய பிறகு எது எது என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஒன்றில் மட்டும் வெள்ளை டேப் சுற்றிவிடுகிறேன்.

முதலில் மோட்டார். தனியாக இரண்டு செல்லை, அதாவது 3 வோல்ட்டை, மோட்டாரின் இரண்டு காதிலும், அதாவது ஒயர் ஒட்டும் தகடுகளில், தொட்டுப் பார்க்கிறேன். ஓடுகிறது! கால், கை எல்லாம் அசைகிறது. மோட்டாரைப் பற்றி இனிமேல் பேச்சே இல்லை.

அடுத்து மீட்டர், அதாவது வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோவார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சுவிட்சைப் போடாமல் கால்களிலிருந்து வரும் மொத்த வோல்ட்டேஜைப் பார்க்கிறேன். 6.3 வோல்ட். புது செல் ஒன்றுக்கு 1.6 பக்கம் இருக்கும், நாலுக்கு இது சரிதான். சரி, ஒயர் அறுந்திருக்கிறதா? செல்லைக் கழற்றிவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது ஒயர் அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து நாலு ஒயரையும் பார்க்கிறேன். பீப். பீப். பீப். பீப். நாலும் சத்தம் கொடுக்கிறது. இதோடு நிறுத்தினால், வோல்ட்டேஜ் வருகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, அப்படியானால் போர்டுதான் போயிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவோம். போர்டில் இருப்பது கறுப்புத் தார்ச் சொட்டு மாதிரி மூடிய சிப். அதை மாற்ற முடியாது. பொம்மை நேராகப் பழைய சாமான் மூட்டைக்குப் போயிருக்கும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது ஒயரைச் சோதிக்க அனுப்பும் கரன்ட் மிகமிகக் கொஞ்சம். அறுந்த இழைகளின் நுனிகள் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தாலே அந்தத் துளி கரன்ட் தாண்டிவிடும், பீப் வந்துவிடும். கண்ணில் இருக்கும் சிவப்பு எல்இடிக்கும் 2 வோல்ட் பக்கம், சில மில்லிஆம்பியர் போதும். அதனால்தான் கண் மங்கலாகவாவது எரிகிறது. மோட்டாருக்கு அப்படிப் போதாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதற்கு நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரன்ட் அந்த ஒட்டியும் ஒட்டாத இடத்தில் தள்ளுமுள்ளு பட்டு நின்றுவிடுகிறது. ஆகவே பாரம் இருக்கும்போது அளக்க வேண்டும். சுவிட்ச் போட்டபடி, மோட்டார் இழுக்கும்போது.

செல்லைத் திரும்பப் போட்டு இப்போது அளக்கிறேன். செல்களின் வாயில் 5.9. கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, நல்லது. மோட்டாரின் காதில் எவ்வளவு? 1.9! நடுவழியில் 4 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அதைத் தேடுவதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மீட்டரின் இரண்டு குச்சியையும் ஒரே ஒயரின் இரண்டு முனையில் வையுங்கள். நல்ல ஒயர் என்றால் கிட்டத்தட்ட சைபர் காட்டும். வலது கால் முதல் ஒயர், 0.05. இரண்டாவது, அதேதான். சுவிட்சில் 0.1. இடது கால் டேப் சுற்றிய ஒயர், 0.04. இப்போது டேப் இல்லாத ஒயர். 3.7. மாட்டிக்கொண்டது! இதுதான் இடது காலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் பிளஸ். காலை நகர்த்துகிறேன், திரையைப் பாருங்கள், 3.7, 3.1, 0.6, மோட்டார் உறுமுகிறது, மறுபடி 3.8. காலோடு சேர்ந்து எண்ணும் ஆடுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த ஒயருக்கு ஒன்றுமே இல்லை. தோல் பளபளவென்று இருக்கிறது. வெட்டி எடுத்து, கேமரா முன்னால் தோலை உரிக்கிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள். உள்ளே செம்பு எப்படி இருக்க வேண்டும்? புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி. இது கண்மை மாதிரி கறுத்திருக்கிறது. விரலில் வைத்துத் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. ஏழு இழை இருந்திருக்கிறது, ஏழும் மடியும் இடத்தில் துண்டாகி, கறுத்த நுனிகள் தோலுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

மடிந்து மடிந்து அறுந்தது சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது? ஒயர் ஆரம்பிக்கும் இடத்துக்குப் போவோம். இடது கால் செல் பெட்டியில் ஸ்பிரிங் அடியில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது, தகட்டோரத்தில் பச்சை. எப்போதோ ஒரு செல் கசிந்திருக்கிறது. கசிந்த திரவம் ஸ்பிரிங்கோடு நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, ஒயரின் தோலுக்குள்ளேயே இழைகளின் இடுக்கு வழியாக ஏறிவிடும். அதனால்தான் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்து முறுக்கலாம் என்ற யோசனை இங்கே உதவாது. இன்னும் தள்ளி உரித்தாலும் கறுப்புதான். சால்டரிங் அயர்னை வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள், ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. ஒயரை முழுசாக மாற்றியே ஆக வேண்டும்.

கசிவைச் சுத்தம் செய்ய வினிகர் என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். அது ஆல்கலைன் செல்லுக்குப் பொருந்தும். அதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், அதனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதை முறிக்கும். நம் ஊரில் கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் பெரும்பாலும் வாங்குவது விலை குறைந்த ஜிங்க் கார்பன் செல். அதற்கு வெளிக் கூடே துத்தநாகம், மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரைந்து மெலியும், ஒரு நாள் ஓட்டை விழும். அதன் உள்ளே இருப்பது அமிலத்தன்மை கொண்ட பசை. அதற்கு வீட்டில் இருக்கும் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பொடி கண்ணில் படக் கூடாது.

ஸ்பிரிங் தகட்டை பெட்டிக்குள் வைத்தே ஈயம் வைக்காதீர்கள். ஈயம் இளகவே 183 டிகிரி வேண்டும், அயர்ன் நுனி அதைவிட எவ்வளவோ சூடு, பிளாஸ்டிக் பள்ளம் உருகித் தகடு ஆடிப்போகும். நோஸ் பிளையரால் தகட்டை மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் பசை ஒரு பொட்டு, அப்புறம் ஈயம். வழுக்கிக்கொண்டு பரவுகிறது பாருங்கள், இதுதான் நல்ல ஒட்டு. முத்து முத்தாக உருண்டு நின்றால் மறுபடி சூடு காட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்த ஈயத்தில் காரீயம் இருக்கிறது. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அதனால்தான் அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் இதைச் செய்கிறேன்.

புது ஒயர் சிலிக்கோன் ரப்பர் தோல் போட்டது, தடிமன் 26 கேஜ். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் கடைக்குக் கடை இருக்கிறது. பழையதில் ஏழு இழை, இதில் மெல்லிய இழைகள் 30. தோலும் பாயசத்துச் சேமியா மாதிரி குழைவு. மடியும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒயர் எனக்குத் தெரியாது. நாலையும் இதே ஒயராக மாற்றுகிறேன், பிளஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு. மற்ற மூன்றும் இன்றைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அவையும் அதே இடுப்பில் அதே அளவு மடிந்தவை.

நீளத்தை எப்படி எடுப்பது? காலை முழுக்க முன்னே தள்ளி அளந்து, முழுக்கப் பின்னே தள்ளி அளந்து, இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் இரண்டு விரற்கடை விட்டேன். அந்த மிச்சம் இடுப்புக்குள் ஒரு வளையமாகத் தொங்கும். பழைய ஒயர் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது, அது அறுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இன்னொன்று, ஈயம் வைத்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்கு இழைகளுக்குள் ஈயம் ஏறி, ஒயர் கம்பி மாதிரி ஆகிவிடும். அந்தக் கம்பி முடிந்து ஒயர் மறுபடி குழைவாகும் எல்லையில்தான் அடுத்த முறிவு வரும். ஆகவே அந்த எல்லையைத் தாண்டி ஒரு சொட்டு ஹாட் குளூ வைத்து உடம்போடு ஒட்டிவிடுகிறேன். மடிப்பு இனிமேல் வளையத்தில் மட்டும் நடக்கும்.

மோட்டாரின் காதுகளுக்கு நடுவில் இருந்த சின்ன வட்டுக் கபாசிட்டரின் ஒரு காலும் ஒடிந்திருக்கிறது. 104 என்று போட்டிருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். மோட்டார் பிரஷில் வரும் தீப்பொறி இரைச்சல் போர்டுக்குப் போகாமல் தடுப்பது அது. இல்லாவிட்டால் பொம்மை பாடும் பாட்டு திக்கும். புதியது ஒன்று வைத்துவிட்டேன்.

மூடும் முன்னால் மீட்டர். பாரத்தோடு மோட்டாரில் 5.6 வோல்ட். 1.9 இருந்த இடத்தில் 5.6! ஒவ்வொரு ஒயரிலும் 0.02க்கு மேல் இல்லை. காலைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், எண் அசையவில்லை.

ஸ்க்ரூ போட்டாயிற்று. செல் மூடிக்கும் மறக்காமல் ஸ்க்ரூ போடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வாங்கும்போதே அதைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பொம்மையில் பொத்தான் செல் இருந்தால் மூடி ஆடாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, தரையில் விடுகிறேன். கண் நல்ல சிவப்பு. தடக், தடக், தடக்... சுவர் வரைக்கும் போகிறது. திருப்பி விடுகிறேன். இருபது நிமிடம் இப்படியே ஓடவிட்டுப் பார்த்தேன், எங்கேயும் நிற்கவில்லை, இடது தொடையைத் தொட்டால் சூடும் இல்லை.

பள்ளி விட்டு அவன் வர நாலு மணி ஆகும். அதுவரைக்கும் செல்லைக் கழற்றித் தனியாக வைக்கிறேன். வந்ததும் அவனே போடட்டும்.