வகுப்புக் குறிப்புக்கு ஏற்றது டேப்லெட்டே: ஒரு பட்டிமன்ற உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"வகுப்பில் கையால் குறிப்பெடுக்க ஏற்றது காகித நோட்டா, டேப்லெட்டா?" என்ற தலைப்பில், டேப்லெட்டே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கையால் எழுதுவதன் மேன்மையை விரிவாக எடுத்துரைத்தார். தட்டச்சு செய்பவர் காதில் விழுவதையெல்லாம் அப்படியே இறக்கிவைக்க முயல்கிறார் என்றும், கையால் எழுதுபவருக்கோ அந்த வேகம் இல்லாததால் எது தேவை, எது தேவையில்லை என்று அந்தக் கணமே தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால், நடுவர் அவர்களே, அவர் வாதாடியது விசைப்பலகைக்கு எதிராகத்தான். எங்கள் அணியில் விசைப்பலகைக்காக வாதாட எவரும் வரவில்லை. பேனாவைப் பிடித்து, சொந்தக் கையெழுத்தில், திரையின் மேல் எழுதுவதைப் பற்றியே நாங்கள் பேசுகிறோம்.

தம் வாதத்துக்கு வலுச் சேர்க்க, 2024-ஆம் ஆண்டு வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு ஒன்றை அவர் சுட்டிக்காட்டினார். ட்ரோன்ட்ஹைம் நகரில் ஆட்ரி வான் டெர் மேரும் அவருடைய சக ஆய்வாளரும் 36 பல்கலைக்கழக மாணவர்களின் தலையில் 256 உணரிகள் கொண்ட வலையைப் பொருத்தி, அவர்கள் சொற்களைக் கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையின் பகுதிகள் எப்படி ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன என்று அளந்தார்கள். கையால் எழுதியபோது அந்த இணைப்பு மிகப் பரந்து காணப்பட்டது. அந்த மாணவர்கள் எதில் எழுதினார்கள் என்பதையும் எதிரணித் தலைவர் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் மின்பேனாவைக் கொண்டு தொடுதிரையில்தான் எழுதினார்கள். காகிதத்தில் மைப்பேனாவால் எழுதினாலும் இதே முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதாக ஆய்வாளர்களே கூறியிருக்கிறார்கள். அதாவது, மின்பேனாவையும் மைப்பேனாவையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கருத்து சார்ந்த வினாக்களில் பின்தங்கினார்கள் என்று 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வையும் அவர் குறிப்பிட்டார். 2021-இல் வேறு குழுவினர் அதன் முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது, மதிப்பெண்ணில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அதை எந்த அணியும் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இனி எங்கள் வாதத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து மணி அடித்தவுடன் ஒரு குறிப்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதைத் திரும்பப் படித்து, விடுபட்டதைச் சேர்த்து, தவறைத் திருத்தி, புரியாத இடத்தில் விளக்கம் எழுதும்போதுதான் அந்தக் குறிப்பு மாணவருக்குச் சொந்தமாகிறது. காகிதம் வகுப்பில் எழுதும் முதல் வேலைக்கு மட்டும் நன்றாக உதவி, பின்னால் திருத்தும் இரண்டாவது வேலைக்குத் தடையாக நிற்கிறது. டேப்லெட் இரண்டுக்கும் உதவுகிறது.

இயற்பியல் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் அணுவுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பேராசிரியர் கரும்பலகையில் தருவிக்கிறார். பலகை நிரம்பியதும் இடது ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டு வருகிறார். மாறிகளைப் பிரிக்கும் இடத்தில் இரண்டு வரி புரியவில்லை. கேட்பதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டார். நோட்டில் எழுதும் மாணவர் என்ன செய்வார்? பின்னால் நண்பரிடம் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று ஆறேழு வரி இடம் விட்டுவிட்டு மேலே எழுதுவார். மாலையில் நண்பரின் நோட்டை வாங்கிப் பார்த்தால், விடுபட்டது ஒரு முழுப் பக்கம் வரும். விட்ட இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதி, அங்கும் இடமில்லாமல் அம்புக்குறி போட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். தேர்வுக்கு முந்தைய இரவில் அந்த அம்புக்குறி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. நம்மில் பலருடைய நோட்டுகள் இன்றும் இப்படித்தான் இருக்கின்றன.

அதே மாணவர் டேப்லெட்டில் எழுதியிருந்தால், விடுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள வரிகளைச் சுற்றிப் பேனாவால் ஒரு வளையம் வரைவார். அந்த வரிகள் மொத்தமாகத் தேர்வாகும். அவற்றை இழுத்துக் கீழே வைத்தாலோ, நடுவில் புதுப் பக்கம் ஒன்றைச் செருகினாலோ, தேவையான இடம் கிடைத்துவிடும். விடுபட்ட படிகளை அவற்றுக்கு உரிய இடத்திலேயே, தம் கையெழுத்திலேயே, வேறு நிறத்தில் எழுதுவார். எது வகுப்பில் எழுதியது, எது பின்னால் தாமே புரிந்துகொண்டு சேர்த்தது என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கண்ணுக்குச் சிறிய வசதியாகத் தோன்றும் இது படிக்கும் முறையையே மாற்றுகிறது. திருத்துவது எளிதாக இருந்தால் மாணவர் திருத்துவார். திருத்தினால் பக்கம் பாழாகும் என்றால், தவறு என்று தெரிந்தும் அப்படியே விட்டுவிடுவார். "ஃபேர் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிப்போட்டவற்றுள் எத்தனை உண்மையில் ஃபேர் நோட்டுக்குப் போயின என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இது அறிவியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் இலக்கிய மாணவர் ஒரு வெண்பாவை அலகிடும்போது சீர்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் நேர், நிரை குறித்து, அதன் கீழ் வாய்பாட்டை எழுதி, தளையைக் காட்ட இரண்டு சீர்களை வளைகோட்டால் இணைக்கிறார். ஓர் அசையைத் தவறாகப் பிரித்துவிட்டால் அந்தச் சீரின் வாய்பாடும் அதை ஒட்டிய தளைகளும் மாறிவிடும். நோட்டில் அது அடித்தலும் திருத்தலுமாகக் குவிந்து, சரியானது எது என்றே தெரியாமல் போகும். டேப்லெட்டில் பாட்டு ஓர் அடுக்கில் இருக்க, அதன் மேல் அசை பிரித்து, அழித்து, மீண்டும் பிரித்துப் பார்க்கலாம். பாட்டுக்கு ஒரு சேதமும் வராது. விசைப்பலகையால் இதைச் செய்யவே முடியாது. காகிதத்தில் ஒரு முறைதான் ஒழுங்காகச் செய்ய முடியும்.

பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பின் மீதே எழுத முடிவது மற்றொரு நன்மை. மின்சுற்றுப் படத்தையோ இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையோ அவசர அவசரமாகப் பார்த்து வரைவதில் கவனம் போய், விளக்கம் காதில் விழாமல் போவது நமக்குப் பழக்கமான இழப்பு. வரைந்து பழகுவது மிக அவசியம். அதை வீட்டில் நிதானமாக வரைந்து பழகலாம். வகுப்பில், படம் முன்னே இருக்க, அதன் மேல் ஆசிரியர் சொல்லும் விளக்கத்தை எழுதுவதே மேல். நோட்டபிலிட்டி போன்ற சில செயலிகளில் ஆசிரியரின் குரலையும் எழுத்தையும் ஒன்றாகப் பதியலாம். பின்னால் ஒரு வரியைத் தொட்டால், அதை எழுதிய கணத்தில் அவர் பேசியது ஒலிக்கும். ஆசிரியரின் அனுமதி பெற்றே இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஆய்வை முன்வைத்தார். அது வலுவான சான்று. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. சந்திப்புகள், நாள்கள் அடங்கிய அட்டவணையைக் காகித நாட்குறிப்பிலும், டேப்லெட்டிலும், கைப்பேசியிலும் குறிக்கச் செய்து, ஒரு மணி நேரம் கழித்து நினைவைச் சோதித்தார்கள். காகிதத்தில் எழுதியவர்கள் விரைவாகக் குறித்து முடித்தார்கள். நினைவுகூரும்போது அவர்களுடைய மூளையின் செயல்பாடும் கூடுதலாக இருந்தது. காகிதத்துக்கு நிலையான ஓரமும் மூலையும் மடிப்பும் இருப்பதால் எழுதிய இடம் மனத்தில் தங்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதே ஆய்வாளர்கள், மின்னணு ஆவணங்களிலும் அடிக்கோடிட்டு, வட்டமிட்டு, அம்புக்குறி வரைந்து, ஓரத்தில் வண்ணக் குறிப்பு எழுதி இந்த நன்மையைப் பெற முயலலாம் என்றும் பரிந்துரைத்தார்கள் என்பதை எதிரணி சொல்லவில்லை. ஆகவே, டேப்லெட்டில் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிவில்லாமல் கீழே ஓடும் வெற்றுத் திரையில் எழுதாதீர்கள். ஏ4 அளவில், தலைப்பும் தேதியும் ஓரமும் உள்ள தனித்தனிப் பக்கமாக வைத்து எழுதுங்கள். அப்போது "வலப்பக்க மேல் மூலையில் சிவப்பில் எழுதினேன்" என்ற நினைவு திரையிலும் தங்கும்.

தேடும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்நோட்ஸ், ஒன்நோட் போன்ற செயலிகளில் ஆங்கிலத்தில் கையால் எழுதியதையும் சொல்லைக் கொடுத்துத் தேடலாம். தமிழ்க் கையெழுத்துக்கு இந்த வசதி ஆங்கிலத்துக்கு வளர்ந்த அளவு வளரவில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆனாலும் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பையும் தமிழில் தட்டச்சு செய்து வைத்தால், நான்கு பருவத்துக்கு முந்தைய பாடத்தையும் நொடியில் எடுத்துவிடலாம். எண்பது பக்க நோட்டுகள் பத்தை அடுக்கிவைத்துக்கொண்டு அதைச் செய்வது எளிதன்று.

மின்னூட்டம் தீர்ந்துவிடும் என்றார்கள். இரவில் மின்னேற்றி வைத்தால் வகுப்பு நாள் முழுதும் எழுதலாம். சாம்சங்கின் எஸ் பென் எழுதுவதற்கு மின்கலமே தேவைப்படாதது. கண் கூசும் என்றார்கள். காகிதம் போலத் தோன்றும் மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட எழுதுபலகைகள் வந்துவிட்டன. கவனம் சிதறும் என்பது இவற்றைவிடப் பெரிய குற்றச்சாட்டு. அதில் உண்மையும் உண்டு. அறிவிப்பு மணி அடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு பாடம் கேட்க முடியாது. வகுப்புக்குள் நுழையும்போது விமானப் பயன்முறையை இயக்கிவிட்டால், எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லாமல், வெளியுலகம் மட்டும் துண்டிக்கப்படுகிறது. மடிக்கணினியின் திரை ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் சுவராக எழும்புகிறது. டேப்லெட் நோட்டைப் போலவே மேசையில் படுத்திருக்கிறது. மாணவர் எழுதுகிறாரா, வேறு எதையாவது பார்க்கிறாரா என்பது நடந்து வரும் ஆசிரியருக்குத் தெரியும்.

தேர்வைக் காகிதத்தில்தானே எழுத வேண்டும் என்ற கேள்விக்கும் விடை சொல்கிறேன். மூன்று மணி நேரம் தாளில் எழுதக் கைக்குப் பயிற்சி வேண்டும். வழுவழுப்பான கண்ணாடியில் எழுதிப் பழகிய கைக்குத் தாளின் உராய்வு வேறாக இருக்கும். மாதிரித் தேர்வுகளைத் தாளில் எழுதிப் பழகினால் அது சரியாகிவிடும். எழுத்தின் வடிவமும் வேகமும் டேப்லெட்டால் அழிவதில்லை, ஏனென்றால் நாள்தோறும் எழுதிக்கொண்டிருப்பது அதே கைதான்.

அடுத்தது விலை. எதிரணியின் வாதங்களில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது இதுதான். சாம்சங் டேப் எஸ்6 லைட் 2020-இல் பேனாவோடு சேர்த்து 27,999 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது. ஐபேடுக்குப் பேனாவைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 40 ஆயிரத்தைத் தாண்டிவிடும். கூலி வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்துக்கு இது தாங்கக்கூடிய தொகையன்று. ஆனால், நடுவர் அவர்களே, ஒரு கருவி எல்லார் கைக்கும் எட்டவில்லை என்பது, அந்தக் கருவி பயனற்றது என்பதற்குச் சான்றாகாது. அதை எட்டச் செய்ய வேண்டும் என்பதற்கே சான்றாகும். 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி வழங்கப்படும் என்று அறிவித்தபோது, மடிக்கணினியோடு டேப்லெட்டும் ஒரு தெரிவாக இடம்பெற்றது. எங்கள் அணியின் கோரிக்கை ஒன்றுதான்: டேப்லெட் கொடுக்கும்போது பேனாவோடு கொடுக்க வேண்டும். பேனா இல்லாத டேப்லெட் படம் பார்க்கும் பலகையாகத்தான் பயன்படும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மாணவர்களின் புத்தகங்களும் நோட்டுகளும் ஊறிப்போயின. பாடநூலையும் வெற்று நோட்டையும் அரசு மீண்டும் கொடுத்தது. அரையாண்டு முழுதும் அவர்கள் கைப்பட எழுதி வைத்திருந்ததை எவராலும் திரும்பக் கொடுக்க முடியவில்லை. டேப்லெட்டும் நீரில் மூழ்கினால் கெட்டுப்போகும் என்பது உண்மையே. ஆனால் இணையச் சேமிப்பில் அன்றன்று ஒரு நகல் பதிவாகும்படி வைத்திருந்தால், கருவி போனாலும் எழுத்து போகாது; வேறு எந்தக் கருவியிலும் அதே கையெழுத்தைத் திறந்து படிக்கலாம்.

நிறைவாக, பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வழக்கமான அச்சு அளவில் உள்ள எழுத்தைப் படிக்க இயலாத ஒருவருக்குக் காகித நோட்டில் தாம் எழுதியதையே திரும்பப் படிப்பது பெரும்பாடு. பெரிதாக எழுதினால் ஒரு பக்கத்தில் நான்கு வரிதான் வரும். சிறிதாக எழுதினால் தெரியாது. டேப்லெட்டில் அவர் திரையை விரித்துப் பெரிய எழுத்தில் எழுதுகிறார். அது பக்கத்தில் இயல்பான அளவில் அமர்கிறது. படிக்கும்போது மீண்டும் விரித்துக்கொள்கிறார். கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வசதி என்றால், அப்படியே அமைத்துக்கொள்கிறார். தம் குறிப்பைத் தம் கையாலேயே எழுதித் தாமே படிக்கும் உரிமை அவருக்கு முழுமையாகக் கிடைக்கிறது. எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், காகித நோட்டு இந்த மாணவருக்கு இதற்கு ஈடாக எதைத் தருகிறது என்பதற்கு விடை கூற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.