பாய் நனைவதும் வைட்டமின் மாத்திரையும்

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இந்த விஷயத்தைச் சபையில் யாரும் பேச மாட்டார்கள், அதனால் என்னிலிருந்தே தொடங்குகிறேன்: ஏழு வயது வரை பாயில் மோண்டவன் நான். ஆனி ஆடி மழையில் பாய் எங்கே காயும்? அம்மா அதை அடுப்படியில் சாய்த்து வைப்பார், பக்கத்து வீட்டு அக்கா தீ வாங்க வருவதற்குள் பாட்டி சுருட்டி ஒளித்துவிடுவார்.

இப்போது கருங்கல், குளச்சல், தக்கலை என்று எங்கிருந்து வரும் தாய்மாரும் ஒரே பேச்சுத்தான். "வைட்டமின் குறைவாக்கும் சாரே, ஒரு மாத்திரை எழுதித் தாருங்க."

அது முழுப் பொய்யும் இல்லை. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளின் ரத்தத்தில் வைட்டமின் டி, பி12 இரண்டும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தவளை கத்திய அன்று மழை பெய்தது என்பதற்காகத் தவளைதான் மழையைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாதே. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை நனைக்கிறார்கள், அவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் நின்றுவிடுகிறது. இரவில் மூத்திரத்தைக் குறைக்கும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை, சிலருக்கு மூத்திரப்பை நிறைந்தாலும் தூக்கம் கலைவதில்லை. அப்பா, அம்மா இருவருக்குமே சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வர முக்கால்வாசி வாய்ப்பு உண்டு, ஆகவே அடிப்பதற்கு முன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பயமுறுத்துவது குறைவு அல்ல, குறைவுக்கு எழுதிக் கொடுக்கும் அந்த 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்து. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினமும் ஒன்றாக ஒரு மாதத்துக்கும் மேல் கொடுத்துவிட்டு ஒரு அம்மா வந்தார், "சத்துதானே, கூடினா என்ன?" என்று. டி கூடிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, ஓயாத தாகம், மூத்திரம் அதிகமாகப் போவது, மலச்சிக்கல் எல்லாம் வரும். எதை நிறுத்தக் கொடுத்தாரோ அதையே வளர்த்துவிட்டார், பாவம்! வைட்டமின் டி உடம்புக் கொழுப்பில் தங்கும் சரக்கு, மருந்தை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடாது. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் கொடுக்க வேண்டியதுதான், நானும் கொடுக்கிறேன். அது எலும்புக்காக.

அதற்கு முன்னால் பிள்ளை வெளிக்குப் போகிறதா என்று பாருங்கள். இதைக் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறீர்கள், ஆனால் மலம் இறுகி நின்றால் முன்னாலிருக்கும் மூத்திரப்பையை அமுக்கும், பை கொள்கிற அளவே குறைந்துபோகும். பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலை முதல் மாலை வரை இரண்டையும் அடக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய (இதை ஹெட்மாஸ்டர் முன்னால்தான் சொல்கிறேன்). பழம், கீரை, பகலில் நன்றாகத் தண்ணீர், ராத்திரி கட்டன் சாயா வேண்டாம். பல பேருக்கு இதுவே நல்ல மாற்றம் தரும்.

பி12 குறைந்தால் வெளிறிப்போகும், நாக்கு புண்ணாகும், சிலருக்கு விரல் மூட்டு கறுக்கும். சாளை, அயிலை மீனும் முட்டையும் தின்னும் வீட்டில் அது குறைவது அபூர்வம். சைவ வீடு என்றால் பாலும் தயிரும் போதிய அளவு கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைத்து, குடம் குடமாகத் தண்ணீர் கேட்டு, மெலிந்தும் போனால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மூத்திரப் பரிசோதனையும்.

சரி, கேள்விகள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வயது மட்டும் போதும், பிள்ளையின் பெயர் வேண்டாம்.