கடலைத் தள்ளி நிறுத்தும் வயல்

(மாதவரத்தில் உழவர்களும் நகரவாசிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "மாதவரத்தில் உழவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, இங்கே வயலே இல்லையே" என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். முன்வரிசையில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் இருக்கிறீர்கள். பின்னால் மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டைக்காரர்கள். உங்கள் இரண்டு தரப்புக்கும் நடுவே ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரு தண்ணீர்க் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பேசாமல் மண்வளம் பேசுவதில் அர்த்தமில்லை.

1960களில் ஐ.நா. உதவியோடு ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தடியை ஆராய்ந்தார்கள். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று வரிசையாகக் கிணறுகள் வந்தன. மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் பம்புசெட் போட்டு இறைத்தார்கள். 1969 வாக்கிலேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது தெரிந்துவிட்டது. 1987ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அப்புறமும் 2000க்குப் பிந்தைய வறட்சியில் விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் நகரத்துக்குக் கொடுத்தார்கள். விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நெல் போட்டு நஷ்டப்படுவதைவிடத் தண்ணீர் விற்றால் கையில் காசு நிற்கும் என்றால் யார்தான் விற்கமாட்டார்கள்? ஆனால் விற்றது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் இருக்கும். நல்ல தண்ணீர் கொஞ்சம் லேசானது. அதனால் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். கிணற்றில் மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும். நாம் லாரியில் ஏற்றி அனுப்பியது அந்த ஓர் அடியைத்தான். வேடிக்கை என்னவென்றால், 2010லிருந்து காட்டுப்பள்ளி ஆலையில் கடல்நீரைச் செலவு பண்ணிச் சுத்திகரித்து, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் வரை நல்ல தண்ணீர் எடுக்கிறோம். அதே கடல் அடுத்த ஊர்க் கிணற்றுக்குள் ஓசியில் வந்துகொண்டிருக்கிறது.

சரி, வயலுக்கு வருவோம். மேசையில் இரண்டு கண்ணாடி பாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு பங்கு காய்ந்த மண், ஐந்து பங்கு மழைத் தண்ணீர். நேற்று ராத்திரி நன்றாகக் குலுக்கி வைத்தது. இடது பக்கத்து பாட்டிலில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கிறது. வலது பக்கத்தில் இன்னும் கலங்கல். டீ மாதிரி நிற்கிறது. முதலாவது உவர் மண்ணாக, அதாவது உப்பு மண்டிய மண்ணாக இருக்கலாம். நல்ல மண்ணும் இப்படித் தெளியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இரண்டாவது பெரும்பாலும் களர், அதாவது சோடியம் ஏறிக் கெட்ட மண். மண் பரிசோதனையில், மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிரித்த சாற்றின் மின்கடத்தும் திறன் (உப்பின் அளவைக் காட்டுவது, dS/m கணக்கில்) 4ஐத் தாண்டினால் உவர், கார அமில நிலை (pH) 8.5ஐத் தாண்டினால் களர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நெல்லுக்கு 3ஐத் தாண்டும்போதே மகசூல் குறைய ஆரம்பிக்கும்.

உவருக்கு மருந்து தண்ணீர்தான். ஓர் அடி நல்ல தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் போனால், மேல் ஓர் அடி மண்ணின் உப்பில் சுமார் 80 சதவீதம் கழுவிக்கொண்டு போகும். அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? போக வேண்டாம், ஐப்பசியில் தானாக வருகிறது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். பெரிய தண்ணி லாரியில் மூன்றுக்கு மேல். நம் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். வரப்பு அரை அடி உயரம்கூட இல்லாமல், எலி வளையோடு கிடந்தால் அத்தனையும் பக்கத்து வாய்க்காலில் போய்விடும். ஆவணியில் வரப்பைச் சீவி, அண்டை கட்டி, வளைகளை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் வடிகாலும் வேண்டும். கழுவிய உப்பு போக வழியில்லாவிட்டால் மாசி, பங்குனி வெயிலில் அதே உப்பு மண்ணின் மேலே வெள்ளையாகப் பூக்கும்.

களரின் கதை வேறு. கடல்நீர் ஏறிய களிமண்ணை வெறும் மழையால் கழுவினால் உப்பு போகும், சோடியம் மட்டும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உவராக இருந்த வயல் களராகிவிடும். அதனால் அந்தச் சோடியத்தைக் களிமண்ணிலிருந்து விடுவிக்க, மழைக்கு முன்பே ஜிப்சம் போட்டு உழ வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்; பரிசோதனை அட்டை சொல்லும். பக்கத்து வயல்காரர் போட்ட அளவு உங்கள் வயலுக்கு ஆகாது.

"சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சும்மாவா சொன்னார்கள்! கோடை உழவு போட்ட மண்ணில் அடியிலிருந்து உப்பு ஏறும் நுண்துளைகள் அறுந்துபோகும். கோடையில் போடும் சொர்ணவாரி நெல்லுக்கு உப்புத் தண்ணீரை இறைத்து ஊற்றுவது, என் அபிப்பிராயத்தில், வீண் வேலை. அந்த நாட்களில் கோடை மழைக்குப் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ போதும், உப்பையும் ஓரளவு தாங்கும். 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடலாம். ஏரி வண்டல் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, அதையும் விடாதீர்கள். களர் நிலத்துக்குத் திருச்சி நெல் ரகமான டி.ஆர்.ஒய் 3 இருக்கிறது. நல்ல மண்ணாக இருந்தால் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.கே.எம் 13.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது, நல்ல தண்ணீர் வயலுக்கு அருமையான முறை. உவர் வயலில் வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டால் உப்பு வேருக்கே ஏறிவிடும். அங்கே தண்ணீர் மறைந்ததும் மறுபடி தண்ணீர் கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒருவர் கேட்டார்: "போரை இன்னும் 100 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா, ஐயா?" கடலோரத்தில் பெரும்பாலும் நேர் எதிராகத்தான் நடக்கும். ஆழத்தில் உப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது. வேகமாக இறைத்தால் பம்புக்கு நேர் கீழே கூம்பாக எழும்பி வந்துவிடும். அந்தப் பணத்தில் ஆழம் குறைவாக இன்னொரு கிணறு வெட்டி, இரண்டிலும் சின்ன மோட்டார் வைத்து, நிறுத்தி நிறுத்தி இறையுங்கள். மழைக்காலத்தில் வயலில் வழியும் தண்ணீரை, மருந்து தெளிக்காத நாளாகப் பார்த்து, வடிகட்டி அந்தக் கிணற்றிலேயே விடுங்கள்.