பிளக் கேப் கழன்று வரவில்லையா? இழுக்காதீர்கள், முதலில் திருப்புங்கள்

(காட்சி: சுங்கை சிப்புட், காலை நேரம். வீட்டு வாசலில் நிற்கும் மைவி காரின் பானெட் திறந்திருக்கிறது.)

வணக்கம். இந்தக் காடிக்கு இன்று நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றப் போகிறோம். பிளக்கைக் கழற்றுவது சுலபம். ஆளை மடக்குவது அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் கேப்தான். அதனால் இந்த வீடியோவில் பாதிக்கு மேல் அந்தக் கேப்பைப் பற்றியே பேசப் போகிறேன்.

கேப் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? பிளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். அதன் நடுவே போகும் கம்பியில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். கேப் பீங்கானை இறுக்கிப் பிடிக்காவிட்டால், மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். அதனால் செய்யும்போதே இறுக்கமாகத்தான் செய்கிறார்கள். அப்புறம் வருடக்கணக்கில் என்ஜின் சூட்டில் வெந்து, ரப்பர் பீங்கானோடு பசை போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அம்மா ரப்பர் மரம் சீவப் போன காலத்தில், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை நடுவில் பிடித்து இழுக்கமாட்டார். ஓரத்தை விரலால் அழுத்தி ஒரு சுற்று சுற்றுவார். பிடி விட்டதும் முழுசாக வந்துவிடும். கேப்புக்கும் அதே கைதான் வேண்டும்.

(காட்சி: என்ஜின் அருகில்.)

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டேன். மைவியில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில் இருக்கிறது, கேப் அதன் அடியில். முதலில் வயர் சாக்கெட்டின் பூட்டை அழுத்தி எடுங்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். பிறகு 10 மில்லி போல்ட்டைக் கழற்றுங்கள். பழைய கான்சில் மாதிரி கேபிள் வைத்த காடியென்றால் இந்த வேலை இல்லை, நேராகக் கேப்புக்குப் போகலாம்.

என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் ரப்பர் கொஞ்சம் இளகும். கை வைக்கும் சூடு போதும். இப்போது பாருங்கள்: காயிலைப் பிடித்து இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். இழுக்கவில்லை, திருப்ப மட்டும்தான் செய்கிறேன். ஐந்தாறு முறை திருப்பியதும் 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். கேட்டதா? பிடி விட்டுவிட்டது. இனி நேராக மேலே தூக்கினால் போதும். சாய்த்துத் தூக்காதீர்கள், பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

(காட்சி: மூன்றாவது காயில் அசையவில்லை.)

சரி, இது அடம் பிடிக்கிறது. சிலிகான் ஸ்பிரேயின் மெல்லிய குழாயைக் கேப்பின் ஓரத்தில் விட்டு ஒரு சின்ன பீச்சு. பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி திருப்புங்கள். வீட்டில் கிடக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது ரப்பரை ஊத வைக்கும். கேபிள் வகையில், கேப்பைப் பிடிக்க இதற்கென்றே வளைந்த பிளையர் இருக்கிறது.

ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தாலே அந்த சிலிண்டர் சரியாக எரியாது, என்ஜின் நடுங்கும். கேபிளைப் பிடித்தும் இழுக்காதீர்கள். நான் 19 வயதில் அப்பாவின் காடியில் அதைத்தான் செய்தேன். கேபிள் கையோடு வந்தது, கேப் உள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போனார். இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

உங்களுக்கும் கிழிந்து உள்ளே நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். நீள மூக்குப் பிளையரால் ரப்பரின் விளிம்பைப் பிடித்து, அதே மாதிரி திருப்பித் திருப்பி எடுங்கள். கேப் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். முழு காயிலே வாங்கினால், சாதாரண பிளக் நான்கு வாங்கும் காசைவிட அதிகம் போய்விடும்.

கேப் வந்துவிட்டது. பிளக்கைத் தொடாதீர்கள்! குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

(காட்சி: குழியின் அடியில் சிவப்புத் தூசி.)

செம்பனைத் தோட்டத்துச் செம்மண். பிளக்கைக் கழற்றினால் இது நேராக சிலிண்டருக்குள் விழும். கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொண்டு, காற்றடித்து வெளியேற்றுங்கள். குழிக்குள் எண்ணெய் நின்றால் அதைத் துணியால் ஒற்றி எடுங்கள், அங்கே ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் இறங்கியிருக்கும் என்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்துவிடும். ஆறியதும் பழைய பிளக்கைக் கழற்றிவிடுங்கள். புதுப் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, விரலால் மட்டும் சுற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், உங்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியாக இறுக்கும் அளவு: வாஷர் உள்ள பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில், 12 மில்லி மரை என்றால் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மில்லி என்றால் 25 முதல் 30.

அப்புறம், கேப்பின் உள்விளிம்பில் அரிசி அளவு டைஎலெக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத கிரீஸ். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் படவேண்டாம், விளிம்பில் மெலிதாகத் தடவினால் போதும். அடுத்த முறை இந்தக் காடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் கேப் சிரமமில்லாமல் வந்துவிடும்.

ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கேபிள் காடியில் எது எங்கே என்ற குழப்பமே வராது.

(காட்சி: நான்காவது காயிலும் உட்கார்கிறது. பேட்டரி முனை இறுகுகிறது. சாவி திரும்புகிறது.)

சத்தத்தைக் கேளுங்கள்... ஒரே சீராக ஓடுகிறது. உங்கள் காடி நடுங்கினால், வயர் சாக்கெட் ஏதாவது முழுசாக உட்காராமல் இருக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.