ஜவ்வரிசி வெந்தால் ஏன் கண்ணாடி மாதிரி ஆகிறது?

சேலத்து நண்பர்களே! திடப்பொருளை மறைய வைக்க மாயப்போர்வை வேண்டாம். ஜவ்வரிசிப் பாயசம் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வித்தை தெரியும்.

உலர்ந்த ஜவ்வரிசி வெள்ளை. ஆனால் அதில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. மரவள்ளி மாவுத்துகளின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஏறக்குறைய 1.53, இடையில் சிக்கிய காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சற்றே திரும்பும், சற்றே வளையும். ஆயிரம் எல்லைகளைத் தாண்டுவதற்குள் சிதறிவிடும். அந்தச் சிதறலைத்தான் வெள்ளை என்கிறோம். கொதிநீரில் துகள் நீரைக் குடித்து உப்பிக் கூழாகிறது, எல்லைகள் கரைகின்றன. நடுவில் வெள்ளைப் பொட்டு நின்றால், அங்கே இன்னும் நீர் எட்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது இந்த மேசைமேல் இருப்பது. போரோசிலிக்கேட் என்ற, சூடு தாங்கும் கண்ணாடியில் செய்த சோதனைக் குழாய், ஒளிவிலகல் எண் 1.474. மருந்துக்கடைக் கிளிசரின், 1.473. இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்று, அதனால் கிளிசரினில் அமிழ்த்திய குழாய் எல்லை தெரியாமல் மறையும். முகவையில் கிளிசரினை ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். தடாலென்று ஊற்றினால் குமிழி வரும், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். குழாயின் உள்ளேயும் நிரப்ப வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: உள்ளே காற்று இருந்தால் குழாய் பளிச்சென்று தெரியும். ஈரம் கூடாது, பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலே எண் 1.458க்கு இறங்கிவிடும். சாதாரணக் கண்ணாடி டம்ளர் 1.52, அதுவும் மறையாது. சூடும் சேட்டை செய்யும். ஒரு டிகிரிக்குக் கிளிசரின் சுமார் 0.0002 குறைகிறது, ஏற்காட்டுக் குளிரில் மறைந்த குழாய், சேலத்துச் சித்திரை வெயிலில் மெல்லிய கோடாகத் தலைகாட்டலாம்.

உயிருள்ள தோலிலும் இதே கணக்குதான். 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டார்ட்ரசின் என்ற மஞ்சள் உணவுச் சாயத்தின் கரைசலை எலியின் தோலில் தடவினார்கள். நீலத்தை விழுங்கும் சாயம், சிவப்பு ஒளியில் தோலுக்குள் உள்ள நீரின் எண்ணை உயர்த்திக் கொழுப்பு, புரதத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. சில நிமிடங்களில் தோல் செம்மஞ்சளாக ஊடுதெரிந்தது. கழுவியதும் பழையபடி ஆனது. வீட்டில் யாரும் முயலாதீர்கள்; மனிதத் தோல் பலமடங்கு தடிமன்.

நம்மூர் வெள்ளைக்கல் மட்டும் பிடிகொடுக்காது. அந்தக் கல்லான மாக்னசைட்டின் படிகத்துக்கு எண் ஒன்றல்ல. ஒளி அதிரும் திசைக்கேற்ப 1.51 முதல் 1.70 வரை மாறும். ஒன்றுக்கு ஒத்த திரவம் மற்றதற்கு ஒவ்வாது. எதில் ஊறப்போட்டாலும் அந்தத் தூள் வெள்ளையாகவே நிற்கும்.