எழும்பூருக்கு ஒரு டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் நிலையத்தில் அட்டை டிக்கெட் வாங்கிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு விரல் அகலத்தில் கெட்டியான அட்டை. ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் அதை இரும்புப் பொறியில் செருகி எடுப்பார். 'டடக்' என்று தேதி விழுந்துவிடும். தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய நிலைய அதிகாரி 1830-களில் உண்டாக்கிய முறை அது. பிறகு அட்டை போய் கணினித் தாள் வந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை, தாளை நீட்டவும் ஓர் ஆள் இருந்தாரே! இப்போது அந்த ஆளையே காணவில்லை.

சென்னைப் புறநகரில் ஒரு சிறிய நிலையம். காலை ஏழு மணி இருக்கும். கவுன்ட்டரில் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு தானியங்கி இயந்திரங்கள்; ஒன்றில் திரை இருண்டு கிடந்தது. மற்றொன்றின் முன்னால் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைச் சீட்டு, மறு கையில் நான்காக மடித்த பத்து ரூபாய்த் தாள். இரண்டு கண்ணிலும் புரை. கிழக்கு வெயில் திரையில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. எனக்கே எழுத்து தெரியவில்லை.

கல்லூரிப் பையன் ஒருவன் இரக்கப்பட்டுத் தன் கைபேசியிலேயே டிக்கெட் எடுக்கப் போனான். எடுத்திருப்பான், நல்ல பிள்ளை. ஆனால் செயலியில் எடுக்கும் தாளில்லா டிக்கெட் அந்தக் கைபேசிக்குள்ளேயே இருக்கும். படம் பிடித்து அனுப்பினாலும் பரிசோதகரிடம் செல்லாது. பையன் போக வேண்டியதோ செங்கல்பட்டுப் பக்கம். இதைப் பேசி முடிப்பதற்குள் ஒரு வண்டி போய்விட்டது.

கடைசியில் என் ஸ்மார்ட் கார்டைப் போட்டு இயந்திரத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவர் பத்து ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினார். கையில் பணம் வைத்திருக்கும் மனிதர், யாரோ ஒருவரின் தயவுக்காகக் காத்து நின்றார் என்பதுதான் இன்றுவரை என் மனத்தை அறுக்கிறது.

கைபேசி டிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை. சென்னையில் 2015-இல் அது வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மாம்பலத்திலும் கிண்டியிலும் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். யூடிஎஸ் என்ற அந்த டிக்கெட் செயலிக்கு அடுத்து 2025 ஜூலையில் ரயில்ஒன் செயலி வந்தது. வரட்டும். செயலியின் பணப்பையில் பணம் போட்டு வைப்பவருக்கு 3 சதவீதம் ஊக்கத்தொகை தந்தார்கள். மெட்ரோவிலும் கைபேசியில் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். சலுகை, வசதி இருப்பவருக்குப் போகிறது. சில்லறையை எண்ணி எடுத்து வருபவருக்கு முழுக் கட்டணமும் மூடிய ஜன்னலும்.

சட்டத்தையும் பாருங்கள். டிக்கெட் இல்லாமல் ஏறினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். அதைப்போல ஐம்பது மடங்கு! கைபேசியில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டாலும் இதே கதிதான். இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கும் ஒரு பொருளை, கேட்கிற எவருக்கும் கிடைக்கும்படி வைப்பதும் ரயில்வேயின் கடமை அல்லவா?

இங்கிலாந்தில் 2023 ஜூலையில் ரயில் நிறுவனங்கள் பெரும்பாலான டிக்கெட் அலுவலகங்களை மூடிவிட முன்மொழிந்தன. நூற்றுக்கு 12 டிக்கெட்டுகள்தான் கவுன்ட்டரில் விற்கின்றன, ஆட்களை நடைமேடைக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். பார்வையற்றோரின் அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் முன்னின்று எதிர்த்தன. சுமார் 7.5 லட்சம் கருத்துகள் வந்து குவிந்தன. அக்டோபர் 31 அன்று திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பன்னிரண்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அங்கே மக்கள் கேட்டார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியே இன்னும் எழவில்லை. விற்ற டிக்கெட்டுக்குக் கணக்கு இருக்கிறது. "இந்த வண்டி பார்க் ஸ்டேஷனில் நிற்குமா", "கடைசி வண்டி எத்தனை மணிக்கு" என்று அந்த ஜன்னலில் கேட்டவர்களுக்குக் கணக்கு எங்கே இருக்கிறது?

நான் கேட்பது பெரிதல்ல. முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை, ஒவ்வொரு நிலையத்திலும் ரொக்கம் வாங்கி டிக்கெட் கொடுக்க ஓர் ஆள். இயந்திரத்தின் அருகே நிற்கும் உதவியாளராக இருந்தாலும் சரி. பல இடங்களில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் கமிஷனுக்கு அந்த வேலையைச் செய்கிறார்கள், பொறுமையாகவும் செய்கிறார்கள். ஆனால் அவர் வராத நாளில் யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

அன்று பெரியவரும் நானும் ஒரே பெட்டியில்தான் போனோம். டிக்கெட்டை மருத்துவமனைச் சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். எழும்பூர் வருவதற்குள் இரண்டு முறை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கண்ணில் மருந்து ஊற்றினால் ஒன்றுமே தெரியாதே, திரும்பி வரும்போது என்ன செய்வீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"எழும்பூரில் கவுன்ட்டர் இருக்கிறது, தம்பி" என்றார்.