எரியும் என்றால் எரியும் என்றே எழுதுங்கள்

(ஆங்கில மொழிப் பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் உரையாற்றி இந்த மேடைக்குப் பெருமை சேர்த்த பேராசிரியர் ஐயா அவர்களே, நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, முகாமை ஒரு குறையுமின்றி நடத்திக் காட்டிய ஒருங்கிணைப்பாளர்களே, நூலகர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். பல தலைமுறை மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஐயா அமர்ந்திருக்கும் மேடையில் எனக்கும் இடம் கிடைத்தது அவருடைய பெருந்தன்மை. பொன்னாடை போர்த்திய தலைவர் அவர்களுக்கும் என் நன்றி.

‘குழப்பும் ஆங்கிலச் சொற்கள்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒலி ஒன்று, எழுத்து வேறு என்பவை முதல் வகை. ஒரே வேரில் பிறந்து பொருளில் விலகிப்போனவை இரண்டாம் வகை. முன்னொட்டைக் காட்டி ஏமாற்றுபவை மூன்றாம் வகை. நாட்டுக்கு நாடு பொருள் மாறுபவை நான்காம் வகை. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பெரியவர்கள் ஆற்றைக் காட்டிச் சொன்னார்கள். சொல்லுக்கும் அது பொருந்தும்.

முதல் வகைக்கு ‘ஸ்டேஷனரி’ ஒன்று போதும். கடைசிப் பகுதியில் ‘ஏ’ (a) எழுத்தோடு வந்தால் அசையாமல் நிற்பது. ‘இ’ (e) எழுத்தோடு வந்தால் தாள், பேனா, உறை. இரண்டும் ஒரே குடும்பம்தான். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்கள் நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகமும் எழுதுபொருளும் விற்றவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். அவர் விற்ற பொருளுக்கு அவர் பெயரே நிலைத்தது. இந்தக் கதையைக் கேட்ட மாணவன் எழுத்தில் தடுமாறினாலும் பொருளில் தடுமாற மாட்டான்.

இரண்டாம் வகையில் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவது, வழக்கில் தனக்கென்று எந்த ஆதாயமும் இல்லாத நடுநிலையாளர். இரண்டாவது, வழக்கைப் பற்றி அக்கறையே இல்லாதவர். நீதிபதி முதலாமவராக இருக்க வேண்டும்; இரண்டாமவராக இருந்தால் நாம் தொலைந்தோம். இன்று ஆங்கிலேயர்களே இவற்றைக் கலந்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல வேறுபாடு ஒன்றைக் கைவிட்டால் மொழிக்குத்தான் இழப்பு.

மூன்றாம் வகைக்கு வருகிறேன். இதில்தான் உயிர் போகிறது.

‘இன்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் ‘இல்லை’ என்று பொருள் கொள்ளப் பழகியிருக்கிறோம். ‘விசிபிள்’ கண்ணுக்குத் தெரிவது, ‘இன்விசிபிள்’ தெரியாதது. அப்படியானால் ‘ஃபிளேமபிள்’ எரியக்கூடியது, ‘இன்ஃபிளேமபிள்’ எரியாதது என்றுதானே நினைப்போம்? கிடையாது. இரண்டும் எரியும்! அந்த ‘இன்’ மறுப்பு அன்று. தீ மூட்டுதல் என்னும் லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. இந்தக் குழப்பத்தால் ஆபத்து வரும் என்று உணர்ந்து, 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும்படி வலியுறுத்தியது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெரிய பெயர். ஆனால் சோறு போட்ட வேலை, 1919 முதல் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்பு ஆய்வு. எங்கே தீப்பிடித்தது, ஏன் பிடித்தது என்று அறிக்கை மேல் அறிக்கையாகப் படித்தவர். அவர் கண்டது என்ன? பெட்ரோல் நிறைந்த பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் எல்லோரும் எச்சரிக்கையாக நடக்கிறார்கள். ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்கள் இருக்கும் இடத்திலோ சிகரெட் பிடிக்கிறார்கள், துண்டை அங்கேயே வீசுகிறார்கள். பெட்ரோல்தான் காலி. உள்ளே ஆவி நிறைந்திருக்கிறது. வெடிப்பதற்கு அதுவே போதும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் மரத்தைக் காய்ச்சி வடிக்கும் உலோகக் கலன்களைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லால் செய்த பூச்சு. பெயரிலேயே கல் இருக்கிறது. கல் எரியுமா? எரியாது என்று தீ படாமல் காக்க யாரும் எதுவும் செய்யவில்லை. நாளடைவில் கலன்களிலிருந்து வந்த அசிட்டிக் அமில ஆவி பட்டு, அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதி கால்சியம் அசிட்டேட்டாக மாறியிருந்தது. அது சூடானால் அசிட்டோன் வரும். அசிட்டோன் பற்றி எரியும். ஒருநாள் அடுப்புத் தீ அதைத் தொட்டது. கல் கொழுந்துவிட்டு எரிந்தது. பெயரை நம்பியவர்கள் திகைத்து நின்றார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே!

மருத்துவர் அம்மா அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுதி. ‘ஹைப்போகிளைசீமியா’ என்றால் குறைவு. ஒருவருக்குச் சர்க்கரை கொடுத்தால் பிழைப்பார், இன்னொருவருக்குக் கொடுத்தால் நிலை மோசமாகும். பதற்றத்தில் கேட்கும் காதுக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அதையே ‘சர்க்கரை கூடிவிட்டது’, ‘சர்க்கரை குறைந்துவிட்டது’ என்று தமிழில் சொல்லிப்பாருங்கள். யாருக்காவது குழம்புமா? மருந்துப் பெயர்களிலும் இதே சிக்கல்தான்: ஹைட்ராக்சிசைன் அரிப்புக்கு, ஹைட்ராலசைன் இரத்த அழுத்தத்துக்கு. இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் காட்டும் திட்டத்தை 2001இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தொடங்கியது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கே அந்த உதவி தேவைப்படுகிறது என்றால், அதைப் படித்துக் கற்றவர்கள் நிலை என்ன? படிக்காதவர்கள் நிலை என்ன?

ஆகவே நான்காம் வகையை இன்று விட்டுவிடுகிறேன். அதைவிட அவசரமான ஒன்றைப் பல மேடைகளில் கேட்டுவருகிறேன், இங்கும் கேட்கிறேன். மருந்து அட்டை, பூச்சிக்கொல்லிக் குப்பி, எரிவாயு உருளை, இயந்திரத்தின் ஆபத்துப் பலகை எதுவானாலும், எச்சரிக்கை அதைக் கையாளும் மனிதரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ‘தீப்பற்றும் தன்மைத்து’ என்று அகராதித் தமிழில் வேண்டாம். ‘எரியும், தீயை அருகில் கொண்டுவராதே’ என்று எழுதட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மக்களுக்குச் சொன்னால் போதாது. ஆழத்தை அளந்து, கரையில் பலகை நடுவது பொருளைத் தயாரித்து விற்பவரின் கடமை.

மாணவர்களே, ஆங்கிலத்தை நன்றாகப் படியுங்கள், அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியம் வரைக்கும் படியுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்து, பெரியவர்களுக்கு அட்டையில் உள்ளதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். வாசலில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். பெரியவர்கள் படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தை இட இசைந்திருக்கிறார். நன்றி, வணக்கம்.